கிள்ளான்காரரின் கிளப்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நான் காலையில் பசியாறும் சாப்பாட்டுக் கடையில் புதிதாகச் சேர்ந்த காதர், வேலைக்கு வந்த சில நாட்களிலேயே, அந்தக் கடைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் போய் லீவு கேட்டார். கேட்கப்பட்டவரும் கொடுத்துவிட்டார்.

காதர் மேல் தப்பில்லை. நாற்பதைத் தாண்டியவர். இராமநாதபுரத்திலிருந்து வந்து சுங்கை வேயிலும் அம்பாங்கிலும் கடைகளில் நின்று பழகியவர். புது இடத்தில் முதலாளி யார் என்று கண்டுபிடிக்க அவரிடம் ஒரு வழி இருந்தது: காலி மேசைக்கு மேலே வீணாக ஓடும் விசிறியை எவர் எழுந்து போய் நிறுத்துகிறாரோ, அவர்தான் முதலாளி. இங்கே அதைச் செய்தவர் மூலை மேசையில் உட்கார்ந்து, நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் குடிக்கும் ஒரு பெரியவர். குளிர்பெட்டியின் கதவைச் சாத்துவதும் அவர்தான். வருகிறவர்களிடம், "அந்த மேசை ஆடும், இங்க உக்காருங்க" என்பதும் அவர்தான். கல்லாவில் கைப்பேசியில் மூழ்கியிருந்த உண்மையான முதலாளி பாயை, சம்பளத்துக்கு இருக்கும் இன்னொரு ஆள் என்று காதர் நினைத்திருக்கிறார்.

"முதலாளி, வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு வேணும். மச்சான் பினாங்குல இருந்து வர்றாப்ல."

"வெள்ளிக்கிழமையா? கூட்டமா இருக்குமே." பெரியவர் கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசித்தார். "சரி, காலையில மாவ மட்டும் பெசஞ்சு வச்சிட்டுப் போ."

வெள்ளிக்கிழமை காலை காதர் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பியபோதுதான் பாய் தலையைத் தூக்கினார். "எங்க போற? யாரு லீவு குடுத்தது?" காதர் மூலை மேசையைக் காட்டினார். பாய் அந்தப் பக்கம் பார்த்தார், பெருமூச்சு விட்டார். "அவரே குடுத்திட்டாருன்னா போ லா. நான் என்னா சொல்றது?"

அந்தப் பெரியவரின் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் இந்தக் கட்டுரையும் தம்முடையது என்று எடுத்துக்கொண்டு, மூன்றாம் பத்தியைத் தூக்கி முதலில் வை என்று ஆரம்பித்துவிடுவார். மனைவி, பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வருவதாக ஈப்போவில் உள்ள மகள் வீட்டுக்குப் போனவர், பார்த்துக்கொண்டே அங்கே தங்கிவிட்டார். பின்னாளில் இவரும் அங்கேயே குடிபோய்விட்டார். ஈப்போவில் இப்போது எந்தக் கடையில் யாருக்கு லீவு கொடுக்கிறாரோ, தெரியாது.

பிறந்தது கிள்ளான். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொந்த வீடு இல்லை, கார் இல்லை, ஒரு சைக்கிள்கூட இல்லை. ஆனால் அவர் கண்ணில் பட்ட எதுவும் அநாதையாக இருந்ததில்லை. நடைபாதையில் சரிந்து கிடக்கும் யாருடைய மோட்டார் சைக்கிளையோ நிமிர்த்தி வைப்பார். கோயில் கால்கழுவும் இடத்தில் குழாயை இறுக்கிவிட்டுத்தான் சாமி கும்பிடுவார். ஒருமுறை நாங்கள் ஒரு திருமணத்துக்குப் போனோம். மண்டபம் மாறிப்போய் வேறு திருமணத்தில் உட்கார்ந்துவிட்டோம். நான் அதை உணர்ந்து நெளிவதற்குள், அவர் பந்தியில் நின்றுகொண்டு, "அந்த வரிசைக்கு ரசம் போகல, பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மணமகளின் தகப்பனார் வந்து அவருடைய கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு காற்பந்து கிளப்பும் இருந்தது.

இங்கிலாந்தின் வடக்கே ஏதோ ஒரு சிறு நகரத்தின் கிளப். மூன்றாம் பிரிவில் ஆடுவது. இரண்டாம் பிரிவுக்கு ஏறினால் அடுத்த வருடமே மரியாதையாகத் திரும்பி வந்துவிடும். அதை ஏன் பிடித்துக்கொண்டார் என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு பதில். துறைமுகத்துக்கு வந்த கப்பலில் அந்த ஊர் மாலுமி ஒருவன் இருந்தான் என்பார். பழைய துணிக்கடையில் மலிவாகக் கிடைத்த சட்டை அந்த கிளப்புடையதாக இருந்தது என்பார். "யாருமே பாத்துக்காம கெடந்துச்சு தம்பி" என்றார் ஒருநாள். அதுதான் உண்மை என்று நான் நினைக்கிறேன். ஆனால் அவர் விஷயத்தில் நான் நினைத்தது பெரும்பாலும் சரியாக இருந்ததில்லை.

என்னுடைய காற்பந்துப் பற்று எளிமையானது. கோப்பை வாங்குகிற பெரிய கிளப் ஒன்றின் ரசிகன் நான். அதன் உரிமையாளர் எந்த நாட்டுக்காரர் என்று திடீரென்று கேட்டால் விழிப்பேன். ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன் வேறு எப்படி இருப்பான்? சிரித்தேன் என்று யாரும் எழுதிப்போட்டதில்லை, அது தனிக் கதை.

அவரோ அந்த நகரத்து ரசிகர்களின் இணையக் குழுவில் பல வருடங்களாக இருந்தார். அங்கே அவருக்குப் பெயரே 'கிள்ளான்'தான். அந்த ஊருக்குப் போனதில்லை. ஆனால் அவர்களுடைய ஸ்டேடியத்தின் ஒவ்வொரு ஓட்டையும் அவருக்குத் தெரியும். வரிசை வீடுகளுக்கு நடுவே நெருக்கியடித்து நிற்கும் பழைய கட்டடம். வடக்குப் பக்கக் கழிப்பறையில் ஒரு குழாய் ஆண்டுக்கணக்கில் ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த ஊர் ரசிகர்களுக்கு அது ஒரு ஜோக். கோல் அடிக்காத ஆட்டக்காரனைப் பார்த்து, வடக்குக் குழாய்கூட உன்னைவிட அதிகம் வேலை செய்கிறது என்பார்களாம். இவருக்கு அது ஜோக் இல்லை. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் இவர் எழுதும் முதல் கேள்வி: குழாயைச் சரி பண்ணிவிட்டார்களா?

ஷா ஆலமில் நம்முடைய ஸ்டேடியத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார்கள் என்ற செய்தியைப் படித்துக் காட்டியபோது, "கார் நிறுத்த இடம் விடுவானுங்களா?" என்று மட்டும் கேட்டார். அவர் மனது வேறு ஸ்டேடியத்தில் இருந்தது.

பிறகு ஒருநாள், கோலாலம்பூர் கம்பெனி ஒன்று அந்த கிளப்பை வாங்கிவிட்டது.

செய்தியைக் கொண்டுவந்தவன் குணா. வாடகைக்கார் ஓட்டுகிறவன், எங்கள் மேசைக்காரன், என்னைப் போலவே பெரிய கிளப்பின் சோம்பேறி ரசிகன். வாசலிலேயே கத்தினான்.

"அண்ணே, சாப்பாடு நீங்கதான் இன்னிக்கு! உங்க கிளப்ப நம்ம ஆளு வாங்கிட்டான் லா!"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நம்ம ஆளா? அவனுக்கு நம்ம ஊரப் பத்தி என்னா தெரியும்?"

"எந்த ஊரு அண்ணே? அவன் இங்கதான், கே.எல்.காரன்."

"அதத்தான் சொல்றேன். வெளிநாட்டுக்காரன்."

குணா என்னைப் பார்த்தான். நான் தட்டில் இருந்த ரொட்டி சானாயைப் பார்த்தேன்.

"அண்ணே, நீங்க பிரிக்பீல்ட்ஸ்ல உக்காந்திருக்கீங்க."

"அது வேற குணா."

"எப்படி வேற?"

அவர் எழுந்து போய், திறந்திருந்த குளிர்பெட்டியைச் சாத்திவிட்டு வந்தார்.

குழப்பம் அங்கே தொடங்கியது. புது உரிமையாளர், பழைய ஸ்டேடியத்தை அந்த ஆட்டப் பருவத்தோடு மூடிவிட்டு, ஊருக்கு வெளியே ஒரு புது ஸ்டேடியம் கட்டப்போவதாக அறிவித்தார். இணையக் குழுவில் சண்டை மூண்டது. அவர் தினமும் காலையில் அந்தச் சண்டையை எங்களுக்குச் சுருக்கிச் சொல்லுவார். சக்கர நாற்காலியில் வரும் ஒரு அம்மாள் இருந்தார். பழைய ஸ்டேடியத்தில் அவரைக் கூரை இல்லாத முன்வரிசையில்தான் உட்கார வைப்பார்கள், ஒவ்வொரு மழைக்கும் நனைவார். கட்டுகிறவன் யாராயிருந்தால் எனக்கென்ன, கூரை போடுகிறான் அல்லவா என்றார் அந்த அம்மாள். இன்னொருவருடைய வீடு ஸ்டேடியத்துக்கு எதிரே. குளியலறை ஜன்னலைத் திறந்தால் பாதி மைதானம் தெரியும். அப்பாவோடு அங்கே நின்று பார்த்து வளர்ந்தவர். எங்கிருந்தோ வந்தவன் எங்கள் தெருவிலிருந்து சனிக்கிழமையைத் தூக்கிக்கொண்டு போகிறான் என்று எழுதினார் அவர்.

"அந்தம்மா சொல்றது நாயம்தானே?" என்பார் பெரியவர் எங்களிடம்.

"ஆமாண்ணே."

"ஜன்னல்காரன் சொல்றதும் நாயம்தானே?"

"ஆமாண்ணே."

"அப்ப என்னாதான் செய்யிறது?" என்று என்னவோ நான்தான் அந்த கிளப்பை வாங்கியவன் போல என்னை முறைப்பார்.

இதையெல்லாம் அவர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது வேறு. குழுவில் யாரோ ஒருவன் அவரைப் பார்த்து, 'மலேசியா, உன் ஆட்கள் எங்களை என்ன செய்யப்போகிறார்கள்?' என்று கேட்டிருந்தான். அடுத்த நாள் இன்னொருவனும் அவரை மலேசியா என்றே கூப்பிட்டான். கிள்ளான் என்ற பெயர் போய்விட்டது. கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "இத்தன வருசமா குழாயப் பத்திக் கேட்டவன் நானு" என்றார்.

ஆகவே, அதே குழுவில் புது ஸ்டேடியத்தை எதிர்த்தவர்கள் அவரிடம் ஒரு வேலையை ஒப்படைத்தபோது அவர் துள்ளி எழுந்ததில் வியப்பில்லை. உரிமையாளரின் தலைமை அலுவலகம் இருப்பது கோலாலம்பூரில். இங்கிலாந்திலிருந்து அங்கே போய் நின்று கோஷம் போட முடியாது. உலகத்திலேயே அந்த வாசலுக்கு ரயிலில் போகக்கூடிய ஒரே ரசிகர் இவர். பதாகையில் எழுத வேண்டிய வாசகத்தையும் அனுப்பிவிட்டார்கள்: 'எங்கள் மைதானத்தின் மேல் கை வைக்காதே.' இதைப் பிடித்துக்கொண்டு நின்று, ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும். யார் பக்கம் என்று அதில் தெரிந்துவிடும்.

பதாகையைப் பக்கத்துத் தெரு அச்சுக் கடையில் கொடுத்தார். அங்கே கும்பாபிஷேகம், காதுகுத்து, அறுபதாம் கல்யாணம் தவிர வேறு எதற்கும் பதாகை அடித்ததில்லை. ஆங்கில வாசகத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் அடித்திருந்தார்கள். இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு குத்துவிளக்கு. மேலே மாவிலைத் தோரணம். வலது மூலையில் வட்டத்துக்குள் அவருடைய படம், கைகூப்பியபடி.

"கைகூப்பினாப்ல நான் படமே எடுக்கலியே?" என்றார் அவர்.

"தல மட்டுந்தான் அங்கிள் ஒங்களுது. ஒடம்பு நாங்களே போட்டுட்டோம்" என்றார் கடைக்காரர். "பேனர்ல ஆளு இல்லன்னா யாரு வச்சதுன்னு எப்படித் தெரியும்?"

மாற்றி அடிக்க நேரமில்லை. மறுநாள் காலை அதைச் சுருட்டிக்கொண்டு போனோம். படம் எடுப்பது என் பொறுப்பு. போராட்டத்தில் எனக்கு முன்அனுபவம் இல்லை. பசியாறிவிட்டுப் போகலாம் என்று யோசனை சொன்னது மட்டுமே என் பங்களிப்பு.

அந்தக் கண்ணாடிக் கட்டடத்தின் வாசலுக்கு எதிரே, வடிகால் ஓரக் கம்பியில் பதாகையைக் கட்டத் தொடங்கினோம். ஒரு முனையைக் கட்டி முடித்ததும், பூச்சட்டிகள் ஏற்றிய லோரி ஒன்று வாசலில் குறுக்கே வந்து சிக்கிக்கொண்டது. பின்னால் கார்கள் ஹாரன் அடித்தன. காவலுக்கு நின்ற ஜாகா ஒற்றை ஆள். எந்தப் பக்கம் கை காட்டுவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் காட்டினார்.

பெரியவரின் முகத்தைப் பார்த்தேன். "அண்ணே, வேணாம்" என்றேன்.

அதற்குள் பதாகையின் மறுமுனையை என் கையில் திணித்துவிட்டு அவர் சாலையில் இறங்கியிருந்தார். "கோஸ்தான், கோஸ்தான்!" என்று துறைமுகக் குரலில் கூவி லோரியைப் பின்னால் எடுக்க வைத்தார், வெள்ளைக் காரை ஒதுக்கினார், கறுப்புக் காரை உள்ளே விட்டார். கறுப்புக் காருக்குள் உரிமையாளரே இருந்திருக்கலாம். என் கையில் இருந்த பாதி மடங்கித் தொங்கியதில் வாசகம் உள்ளே போய்விட்டது. கம்பியில் கட்டிய பாதியில் ஒரு குத்துவிளக்கும், கைகூப்பிய அவரும் மட்டும் ஊருக்குத் தெரிந்தார்கள்.

கட்டடத்திலிருந்து ஓர் இளம்பெண் ஓடிவந்தாள். கழுத்தில் கம்பெனி அட்டை. மக்கள் தொடர்பு அதிகாரியாம்.

"அங்கிள், ரொம்ப தேங்க்ஸ். நீங்க இல்லன்னா இன்னிக்கு எங்க ஃபங்ஷனே போயிருக்கும்." பதாகையைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "கிளப்புக்கு வாழ்த்துச் சொல்லவா வந்தீங்க? சோ ஸ்வீட் லா! வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க."

எதிரியின் கோட்டைக்குள் அப்படித்தான் நுழைந்தோம். கூடத்தின் நடுவே கண்ணாடிப் பெட்டிக்குள் புது ஸ்டேடியத்தின் மாதிரி இருந்தது. தீக்குச்சி உயரத்தில் மனிதர்கள், தீப்பெட்டி அளவில் பேருந்துகள். அவர் அதைச் சுற்றி வந்தார். வீடு பார்க்க வந்தவர் போல ஒவ்வொரு மூலையிலும் குனிந்து பார்த்தார்.

"கூரை முன்வரிச வரைக்கும் வருதாமா?"

"வருது அங்கிள்."

"சக்கர நாற்காலியில ஒரு அம்மா வருவாங்க. நனைய மாட்டாங்கதானே?"

"மாட்டாங்க அங்கிள்."

"நல்லது." இன்னொரு மூலைக்குப் போனார். "பாத்ரூம் ஜன்னல்ல இருந்து பாக்க முடியுமா?"

"எந்த பாத்ரூம் அங்கிள்?"

அவர் இன்னும் குனிந்தார். மாதிரியைச் சுற்றி வீடுகளே இல்லை. பச்சை அட்டையில் வெட்டிய மரங்கள்தான் இருந்தன. "நீ அங்க போயிருக்கியாமா?" என்றார்.

"இல்ல அங்கிள். பாஸ் ஒருவாட்டி போனாரு. நீங்க?"

"இல்ல."

இருவரும் போகாத ஊரின் கட்டாத ஸ்டேடியத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெட்டியின் மேல் தூசி இருந்தது. அவருடைய கை தானாகச் சட்டைப்பைக்குள் போய்க் கைக்குட்டையை எடுத்தது. குனிந்து கண்ணாடியைத் துடைத்தார். அந்தப் பெண் கைப்பேசியை உயர்த்தி, "அங்கிள், சிரிங்க" என்றாள். படம் எடுக்கிறேன் என்றால் சிரிக்கிற தலைமுறை அவருடையது. சிரித்தார். பிறகு தட்டில் பொரித்த கறிபாப் வந்தது.

படம் அன்றே வெளியானது. புது ஸ்டேடியத்தைப் பரிவோடு துடைக்கும் மூத்த ரசிகர், தாய்நாட்டிலிருந்து வாழ்த்து என்று கம்பெனி எழுதியிருந்தது. இங்கிலாந்தில் அப்போது விடிந்துகொண்டிருந்தது. விடிந்ததும் பற்றிக்கொண்டது. ஒரு தின்பண்டத்துக்கு விலைபோனவன் என்றான் ஒருவன். (அதை நான்தான் இரண்டு தின்றேன், அந்த விவரம் அங்கே தெரியாது.) சக்கர நாற்காலி அம்மாள், அவர் எனக்காகக் கேட்டிருப்பார் என்று எழுதினாராம். அதனால் அந்த அம்மாளுக்கும் வசவு. கடைசியில் எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நின்றன: மலேசியா, நீ யார் பக்கம்? பதில் சொல், இல்லாவிட்டால் குழுவை விட்டுப் போ.

அதற்குப் பிறகு அவர் கடைக்கு வந்தார், உட்கார்ந்தார், தே குடித்தார், போனார். காலி மேசைகளுக்கு மேலே விசிறிகள் ஓடின. அவர் எழுந்திருக்கவில்லை. குளிர்பெட்டி திறந்து கிடந்தது. பாய் தாமே எழுந்து போய் விசிறியை நிறுத்த வேண்டியதாயிற்று. எந்தப் பொத்தான் எந்த விசிறிக்கு என்று தெரியாமல் முதலில் விளக்கை அணைத்தார். கடை இருண்டது. காதர் என்னிடம் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "முதலாளிக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா சார்?"

யார் முதலாளி என்று அதற்குள் காதருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். தெரிந்தும்தான் அப்படிக் கேட்டாரோ என்னவோ.

"என்னா எழுதலாம், சொல்லு" என்றார் அவர் ஒரு காலை. "கட்டட்டும்னு எழுதினா ஜன்னல்காரன் மொகத்துல முழிக்க முடியாது. வேணாம்னு எழுதினா அந்தம்மா நனையும். எழுதாம விட்டா நான் அங்க யாருமில்ல."

குணா, "விட்டுத் தள்ளுங்கண்ணே, எங்க கிளப்புக்கு வந்துருங்க, அங்க யாரும் யாரையும் கேக்க மாட்டாங்க" என்றான். உண்மைதான். என்னை இதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. அந்த நொடியில் அது எனக்குப் பெருமையாகப் படவில்லை.

அவர் கைப்பேசியை எடுத்தார். ஒற்றை விரலால் நீண்ட நேரம் தட்டினார். அனுப்பிவிட்டு என் பக்கம் திருப்பிக் காட்டினார். யார் பக்கம் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆங்கிலத்தில் இவ்வளவுதான்: 'பழைய ஸ்டேடியத்தில் கடைசி ஆட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு, வடக்குக் குழாயை யாராவது மூடிவிடுங்கள். என்னால் வர முடியாது.'

"இது பதிலாண்ணே?" என்றேன்.

"எனக்கு வேற தெரியல தம்பி."

குழுவிலும் யாருக்கும் இதை என்ன செய்வது என்று தெரியவில்லை போலும். திட்டவுமில்லை, விலக்கவுமில்லை. ஒரு பதிலும் இல்லை. பருவம் முடியும்வரை அவர் குழாயைப் பற்றி மறுபடி கேட்கவில்லை.

கடைசி ஆட்டத்துக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. நான் வந்தபோது அவர் கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். என்னிடம் நீட்டினார். பச்சைச் சாயம் உரிந்த சுவர், துருவேறிய குழாய், அதன் திருகின் மேல் ஒரு கை. யாருடைய கை என்று தெரியவில்லை. கீழே, 'மூடிவிட்டோம், கிள்ளான்' என்று எழுதியிருந்தது.

அவர் படத்தை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினார். கண்ணுக்கு அருகே கொண்டுபோனார்.

"சொட்டுது பாரு."

உண்மைதான். குழாயின் வாயில் ஒரு துளி தொங்கியது.

"இன்னும் ஒரு சுத்து இறுக்கணும்" என்றார்.

"அண்ணே, அந்தக் கட்டடத்தையே இடிக்கப்போறாங்க."

"அதுக்கு?"

தேயைக் கொண்டுவந்து வைத்த காதர் அவருடைய தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "நம்ம கடைக் குழாயா முதலாளி?"

"ஆமா" என்றார் அவர்.

காதர் கையைத் துடைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். அங்கே குழாயை இறுக்கும் கிறீச் சத்தம் கேட்டது. அவர் அதைக் கேட்டுத் தலையசைத்தார். பிறகு நாற்காலியைத் தள்ளி எழுந்து, காலி மேசைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த விசிறியை நிறுத்தப் போனார்.